ஆர்தர் ராபர்ட் கென்னி-ஹெர்பர்ட்

ஆர்தர் ராபர்ட் கென்னி-ஹெர்பர்ட் (1840–1916) பிரித்தானிய ஆட்சிக்காலத்தில் சென்னைக் குதிரைப்படையில் பணியாற்றிய அதிகாரியும் சமையற்கலை எழுத்தாளரும் ஆவார். வைவர்ன் என்பது இவரது புனைபெயர். 1878ஆம் ஆண்டில் சென்னையில் நூல்வடிவம் பெற்ற இவரது கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ் (சென்னைக்கான சமையற் குறிப்புகள்), பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சமையல் நூல்களுள் முதன்மையானவற்றில் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஐரோப்பிய உணவகங்களிலும் கடைகளிலும் கிடைத்த மீன், இறைச்சி வகைகளையும் சாலட்டுகளையும் குழம்புச் சாறுகளையும் சென்னைச் சந்தைப் பொருள்களைக் கொண்டே வீட்டில் ஆக்க முடியும் என்பது இவருடைய எழுத்தின் அடிப்படைக் கருத்தாகும்.

இளமையும் படைப் பணியும்

கென்னி-ஹெர்பர்ட் இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டில் பிறந்தார். ரக்பி பள்ளியில் பயின்ற இவர், 1859ஆம் ஆண்டில், ஏறத்தாழ 19ஆவது வயதில், சென்னை மாகாணப் படையில் சேர்வதற்காக இந்தியா வந்தார். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர், 1858இல் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சி நீங்கி முடியாட்சி ஏற்பட்டிருந்த காலம் அது. குதிரைப்படையின் கீழ்நிலை அதிகாரியாகத் தொடங்கிய இவர், 30 ஆண்டுகளுக்கும் மேலான பணிக்குப் பின் கர்னல் நிலையில் ஓய்வு பெற்றார்.

இவர் தொழில்முறைச் சமையற்காரர் அல்லர். படை அதிகாரிகளின் உணவுக்கூடங்கள், பாசறைகள், சென்னை வீடுகள் ஆகியவற்றில் உண்டும் விருந்தளித்தும் பெற்ற பட்டறிவும், பிரெஞ்சுச் சமையல் நூல்களின் வாசிப்புமே இவரது சமையல் அறிவுக்கு அடிப்படையாயின.

காலப் பின்னணி

1869ஆம் ஆண்டில் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான பயணக்காலம் பெரிதும் குறைந்தது. ஆங்கிலேயப் பெண்கள் மிகுதியாக இந்தியாவுக்கு வந்தனர். ஐரோப்பிய நாகரிகப் போக்குகள் விரைவில் இங்கு எட்டின. முந்தைய தலைமுறை ஆங்கிலேயர் இரவு விருந்திலும் விரும்பி உண்ட கறிக்குழம்பு, பகல் உணவுக்குரிய ஒன்றாகத் தாழ்த்தப்பட்டது. அதன் இடத்தைப் பிரெஞ்சு முறை விருந்து பிடித்தது.

ஆயினும் அத்தகைய விருந்தை ஆக்குவதற்கான அறிவு, விருந்தளித்தவர்களிடம் குறைவாகவே இருந்தது. ஓக்சு, ஸ்பென்சர் போன்ற சென்னை வணிக நிறுவனங்கள் ஐரோப்பியப் பொருள்களை விற்றன. தகர டின்களில் அடைத்த மீன், இறைச்சி, காய்கறி ஆகியவற்றைத் திறந்து மேசையில் வைப்பதே சிறப்பு என்னும் எண்ணம் பரவியிருந்தது.

இதே காலத்தில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதி கடும் பஞ்சத்தில் சிக்கியிருந்தது. தமிழில் தாது வருடப் பஞ்சம் என அழைக்கப்படும் 1876–78ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் தென்னிந்தியாவிலும் அதனை ஒட்டிய பகுதிகளிலும் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. பஞ்சம் ஓய்ந்த ஆண்டிலேயே கென்னி-ஹெர்பர்ட்டின் நூல் வெளிவந்தது. அது யாருக்காக எழுதப்பட்டது, யாருக்கு எட்டாதிருந்தது என்பதை அறிய இப்பின்னணி உதவும்.

எழுத்துப் பணி

கென்னி-ஹெர்பர்ட் தம் சமையற் கட்டுரைகளை முதலில் மெட்ராஸ் அதீனியம் அண்ட் டெய்லி நியூஸ் என்னும் சென்னை நாளிதழில் வைவர்ன் என்ற பெயரில் எழுதினார். வைவர்ன் என்பது இரு கால்களும் சிறகுகளும் கொண்டதாக ஐரோப்பியக் குடிச் சின்னங்களில் வரையப்படும் ஒரு கற்பனை விலங்காகும். கட்டுரைகளுக்குக் கிடைத்த வரவேற்பினால் அவை தொகுக்கப்பட்டு, சென்னை ஹிக்கின்பாதம்ஸ் நிறுவனத்தால் 1878ஆம் ஆண்டில் நூலாக வெளியிடப்பட்டன. நூல் பலமுறை மறுபதிப்புக் கண்டது. ஐந்தாம் பதிப்பு 1885ஆம் ஆண்டில் வெளிவந்தது.

வெறும் செய்முறைப் பட்டியலாக அமையாமல், ஒவ்வொரு துறையையும் விளக்கும் கட்டுரைகளாக இந்நூல் அமைந்துள்ளது. உணவுப் பட்டியல் அமைத்தல், சமையற்காரரை நடத்தும் முறை, சமையலறைக் கருவிகள், சூப்பு, மீன், சாறுகள், காய்கறி, சாலட்டு, கறிக்குழம்பு, பாசறைச் சமையல், காப்பி தயாரித்தல் ஆகியன அவற்றுட் சில. சிறு விருந்துகளுக்கான 30 உணவுப் பட்டியல்கள் விரிவான செய்முறைகளுடன் தரப்பட்டுள்ளன. இந்தியாவிலுள்ள ஆங்கிலேயர் வீடுகளின் சமையலறைகள் பற்றிய தனிக் கட்டுரையும் உண்டு.

சாலட்டுகளும் குளிர் உணவுகளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய நகரங்களில் சமைத்த இறைச்சி, பதப்படுத்திய மீன், சாலட்டு முதலியவற்றை ஆயத்த நிலையில் விற்கும் கடைகள் பெருகின. செருமானிய வழக்கில் டெலிகாடெசன் எனப்பட்ட இவ்வகை உணவுகள் பின்னர் அமெரிக்காவிலும் பரவின. உணவகங்களும் தமக்கெனத் தனிச் சாலட்டுகளை உருவாக்கின. 1860களில் மாஸ்கோவின் எர்மிட்டாஜ் உணவகத்தில் லூசியன் ஒலிவியே உருவாக்கிய இறைச்சிச் சாலட்டு இவற்றுள் புகழ்பெற்றது. அதன் செய்முறையை அவர் மறைவாகவே வைத்திருந்தார். கென்னி-ஹெர்பர்ட்டின் நோக்கம் இதற்கு நேர்மாறானது. உணவகச் சமையலின் நுட்பங்களை எவரும் வீட்டில் செய்து பார்க்கும்படி படிப்படியாக எழுதி வெளியிட்டார்.

குளிர்ந்த கோழி, மீன், இறால் ஆகியவற்றை இலைகளோடு அடுக்கி, மேலே மயோனைசு இட்டுப் பரிமாறுவது அக்கால விருந்துகளில் பெருவழக்காக இருந்தது. மயோனைசு என்பது முட்டை மஞ்சட் கருவில் எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அடித்து, வினாகிரி அல்லது எலுமிச்சைச் சாறு கலந்து ஆக்கப்படும் குளிர்ந்த சாறு ஆகும். மஞ்சட் கருவிலுள்ள லெசித்தின் என்னும் பொருள், ஒன்றோடொன்று கலவாத எண்ணெயையும் நீரையும் பிணைத்து வைக்கிறது. எண்ணெயை முதலில் துளித்துளியாக விடாவிட்டால் கலவை திரிந்து பிரிந்துவிடும். அடிப்பவருக்குப் பொறுமை இன்றியமையாதது.

சென்னையின் வெப்பம் இவ்வகை உணவுகளுக்குப் பெருந்தடையாக இருந்தது. சமைத்த மீனும் இறைச்சியும் சில மணி நேரத்திற்குள் கெடத் தொடங்கும். இலைகள் வாடிவிடும். பனிக்கட்டியே இதற்குத் துணையாயிற்று. அமெரிக்காவின் உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டிக் கப்பலில் கொண்டுவரப்பட்ட பனிக்கட்டி, 1842ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் என்னும் கட்டடத்தில் சேமிக்கப்பட்டது. இக்கட்டடமே இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்குகிறது. 1870களில் சென்னையிலேயே பனிக்கட்டி உற்பத்தி தொடங்கியபின் அமெரிக்கப் பனிக்கட்டி வணிகம் நலிவுற்றது.

டின் உணவைப் பெருமைக்காகப் பயன்படுத்துவதைக் கென்னி-ஹெர்பர்ட் கண்டித்தார். வஞ்சிரம், வாவல் போன்ற நல்ல கடல்மீன்கள் நாள்தோறும் கிடைக்கும் ஊரில், தொலைநாட்டு மீனை டின்னிலிருந்து எடுத்து விருந்தினருக்கு வைப்பது பொருந்தாது என்பது இவர் கருத்து. புட்டிகளில் விற்கப்பட்ட காரச் சாறுகளை எல்லா உணவிலும் ஊற்றி இயற்கைச் சுவையை மறைப்பதையும் இவர் ஏற்கவில்லை. பாசறையில், சந்தை எட்டாத இடங்களில், டின் உணவு பயன்தரும் என்பதை ஒப்புக்கொண்டு, அதனைச் சுவைபடச் சமைக்கும் வழிகளையும் எழுதினார்.

பச்சை முட்டையில் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும் என்பது இன்று அறியப்பட்டுள்ளது. ஆகவே இக்காலத்தில் இவ்வகைச் சாறுகளைச் செய்வோர் கிருமிநீக்கம் செய்த முட்டையைப் பயன்படுத்துவதும், கலந்த உணவைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து விரைவில் உண்பதும் நலம்.

சமையற்காரர் இராமசாமி

நூல் முழுவதும் சமையற்காரர் இராமசாமி என்னும் பெயரால் குறிக்கப்படுகிறார். இது ஒரு தனி மனிதரின் பெயராக அன்றி, ஆங்கிலேயர் வீடுகளில் பணியாற்றிய தமிழ்ச் சமையற்காரர் அனைவருக்கும் பொதுப்பெயராகவே ஆளப்பட்டுள்ளது. சமையற்காரரின் பழக்கங்களை எள்ளி நகைக்கும் இடங்கள் நூலில் பல உள்ளன. அக்கால ஆட்சியாளரின் மேட்டிமை எண்ணம் அவற்றில் வெளிப்படுகிறது.

அதே வேளையில், சமையற்காரரைச் சினந்து ஏசுவதால் பயனில்லை என்றும், அவரை நண்பராகக் கொண்டு, செய்ய வேண்டியதைப் பொறுமையுடன் விளக்க வேண்டும் என்றும் கென்னி-ஹெர்பர்ட் வலியுறுத்தினார். தமிழ்ச் சமையற்காரரின் கற்கும் ஆற்றலையும், மிகக் குறைந்த கருவிகளைக் கொண்டு அவர் ஆக்கும் உணவின் தரத்தையும் இவர் மதித்தார்.

சமையலறைகள் பற்றிய கட்டுரை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஆங்கிலேயர் வீடுகளில் சமையலறை வீட்டிலிருந்து விலகி, பணியாளர் அறைகளுக்கும் குதிரை இலாயத்துக்கும் அருகே, போதிய வெளிச்சமும் புகைபோக்கியும் நீர் வசதியும் இன்றி அமைந்திருந்தது. இத்தகைய இடத்தில் தூய்மையை எதிர்பார்ப்பது முறையன்று என்றும், குறை வீட்டுத் தலைவருடையதே என்றும் இவர் எடுத்துரைத்தார். நல்ல அடுப்பும் கழுவுமிடமும் கொண்ட சமையலறையை வீட்டோடு சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது இவருடைய பரிந்துரையாகும்.

தமிழர் சமையலும் மிளகுத்தண்ணியும்

பிரெஞ்சு முறையைப் பின்பற்றினாலும் கென்னி-ஹெர்பர்ட் உள்ளூர்ச் சமையலை ஒதுக்கவில்லை. கறிக்குழம்பு வகைகளுக்குத் தனி இயல்களை ஒதுக்கினார். நல்ல கறிக்குழம்பு ஆக்கும் திறன் ஆங்கிலேயர் வீடுகளில் அருகிவருவதற்காக வருந்தினார். புளியின் புளிப்பும் சிறிது இனிப்பும், தேங்காய்ப் பாலும் குழம்புக்குச் சுவை தருவன என விளக்கினார்.

மல்லிகாட்டானி என ஆங்கிலத்தில் வழங்கும் சூப்பின் பெயர், மிளகு, தண்ணீர் என்னும் தமிழ்ச் சொற்களிலிருந்து வந்தது என்பதையும் இவர் பதிவு செய்துள்ளார். இறைச்சிச் சாறு சேர்த்து ஆங்கிலேயர் ஆக்கிய வடிவத்துக்கு மூலமான எளிய உணவையும் விவரித்துள்ளார். புளி, மிளகாய் வற்றல், பூண்டு, கடுகு, வெந்தயம், மிளகு, உப்பு, கறிவேப்பிலை ஆகியவற்றைக் கொண்ட அச்செய்முறையில் தமிழர் இல்லங்களின் இரசத்தை எளிதில் இனங்காணலாம்.

இங்கிலாந்தில்

ஓய்வுக்குப் பின், 1890களின் தொடக்கத்தில், கென்னி-ஹெர்பர்ட் இங்கிலாந்து திரும்பினார். 1894ஆம் ஆண்டில் இலண்டனில் காமன்-சென்ஸ் குக்கரி அசோசியேசன் என்னும் அமைப்பையும் அதன் சமையற் பள்ளியையும் நிறுவினார். காலை உணவு, பகலுணவு, இரவு விருந்து ஆகிய ஒவ்வொன்றுக்கும் 50 உணவுப் பட்டியல்கள் கொண்ட நூல்களை வெளியிட்டார். 1904ஆம் ஆண்டில் மரக்கறி உணவு பற்றியும் ஒரு நூல் எழுதினார். இவர் 1916ஆம் ஆண்டில் காலமானார்.

மதிப்பீடு

இந்திய வாழ்வுக்கு ஏற்ற இல்லப் பராமரிப்பு நூல்கள் ஆங்கிலத்தில் பெருகிய காலத்தின் தொடக்கத்தில் கென்னி-ஹெர்பர்ட் எழுதினார். புளோரா ஆனி ஸ்டீல், கிரேஸ் கார்டினர் ஆகியோரின் புகழ்பெற்ற இல்லப் பராமரிப்பு நூல் இவருக்குப் பத்தாண்டுகள் பின்னர், 1888ஆம் ஆண்டில் வெளிவந்தது. இருபதாம் நூற்றாண்டில் பெரிதும் மறக்கப்பட்டிருந்த கென்னி-ஹெர்பர்ட்டை, ஆங்கிலச் சமையல் எழுத்தாளர் எலிசபெத் டேவிட் 1970ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் பாராட்டி எழுதினார். 1885ஆம் ஆண்டுப் பதிப்பின் மறு அச்சு 1994ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது.

தாய்நாட்டை விட்டு நீங்கியவர் தம் சுவையை வேறோர் ஊரில் மீட்டுக்கொள்ள எழுதப்பட்ட நூல் இது. தமிழில் இதற்கு ஒப்பான தேவையை, பிறந்த வீட்டை விட்டுத் தொலைவில் குடும்பம் நடத்திய பெண்களுக்காக, எஸ். மீனாட்சி அம்மாளின் சமைத்துப் பார் 1951ஆம் ஆண்டிலிருந்து நிறைவு செய்தது. இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. மீனாட்சி அம்மாள் தம் கையால் ஆக்கியதை எழுதினார். கென்னி-ஹெர்பர்ட்டின் நூலிலுள்ள செய்முறைகளைச் சென்னை வீடுகளில் நாள்தோறும் ஆக்கியவர்களோ தமிழ்ச் சமையற்காரர்கள். விடியலில் சந்தைக்குச் சென்று மீன் தெரிந்தவர்களும், புழுக்கமான அறையில் நின்று மயோனைசைத் திரியாமல் அடித்தவர்களும் அவர்களே. அவர்களுடைய சொந்தப் பெயர்கள் நூலில் இடம்பெறவில்லை. இராமசாமி என்னும் பொதுப்பெயர் மட்டுமே எஞ்சியுள்ளது. அவர்கள் எத்தகைய இடத்தில், எத்தகைய கருவிகளுடன் உழைத்தனர் என்பதை அறிய உதவும் ஆவணங்களுள் ஒன்றாகவும் இந்நூல் இன்று வரலாற்றாய்வாளர்களுக்குப் பயன்படுகிறது.

முக்கிய நூல்கள்

கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ் (1878)
ஸ்வீட் டிஷஸ் (1881) – இனிப்பு வகைகள் பற்றியது
ஃபிஃப்டி பிரேக்ஃபாஸ்ட்ஸ் (1894) – காலை உணவுப் பட்டியல்கள்
வெஜிடேரியன் அண்ட் சிம்பிள் டயட் (1904) – மரக்கறி உணவு பற்றியது