மூச்சா, இதயமா?

திருத்தணி முருகன் கோவிலின், 365 படிகளையும் ஓடி ஏறியிருக்கிறீர்களா குட்டீஸ்? மேலே போனதும் மூச்சு வாங்கும். நெஞ்சு படபடவென அடித்துக்கொள்ளும். உயிர் போகும் நேரத்தில், இந்த இரண்டில் எது முதலில் நிற்கும்? இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிய ஒரு டாக்டர், திருத்தணிக்கு வடக்கே, ஆந்திராவையும் தாண்டி, ஐதராபாத்தில் இருந்தார். பெயர், எட்வர்ட் லாரி.

கடந்த, 1846ல் பிறந்த லாரி, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் மருத்துவம் படித்தார். 1847ல், குளோரோபாம் என்ற மயக்க மருந்தை, டாக்டர் சிம்சன் புகழ்பெறச் செய்த ஊர் அது. 1885ல் ஐதராபாத் வந்த லாரி, அங்கிருந்த மருத்துவப் பள்ளிக்குத் தலைவரானார். பெண்களையும் சேர்த்து பாடம் நடத்தினார். உலகின் முதல் பெண் மயக்க மருந்து நிபுணர் என போற்றப்படும் ரூபாபாய் பர்தூன்ஜி, இவரது மாணவி தான்.

துணியில் குளோரோபாமை விட்டு, மூக்கருகே பிடித்தால் நோயாளி தூங்கிவிடுவார்; வலி தெரியாது. ஆனால், சிலர் எழுந்திருக்கவே இல்லை!

இதயம் திடீரென நின்றுவிடுகிறது என்றனர், லண்டன் டாக்டர்கள். மூச்சு தான் முதலில் நிற்கும். அதை மட்டும் கவனித்தால் போதும், நாடியைப் பார்க்க வேண்டாம் என்றார் லாரி. அவர் தவறு என்றால், எத்தனை நோயாளிகளுக்கு ஆபத்து பாருங்கள்.

1888ல், நாய்களை மயக்கி சோதித்தார். லண்டன் நம்பவில்லை. உடனே, ஐதராபாத் நிஜாம் 1,000 பவுண்டு கொடுத்து, அங்கிருந்தே ஒரு நிபுணரை வரவழைத்தார். 1889ல், லாடர் பிரண்டன் கப்பலேறி வந்தார். மீண்டும் நூற்றுக்கணக்கான விலங்குகள், பெரும்பாலும் நாய்கள். பாவம், அந்த வாயில்லா ஜீவன்கள்! மூச்சே முதலில் நிற்கிறது என்று பிரண்டனும் ஒப்புக்கொண்டார்.

ஆனாலும், லாரியின் முடிவு பாதி தான் சரி. அரைகுறை மயக்கத்தில், இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக்கூடும் என்பதை, 1911ல், பூனைகளிடம் சோதித்துக் காட்டினார், லெவி என்பவர். 1915ல் லாரி காலமானார்.

இந்தச் சண்டையில் யாரும் பெரிதாகப் பேசாத உறுப்பு ஒன்று உண்டு, கல்லீரல். குளோரோபாம் அதை பாதித்து, ஆபரேஷன் முடிந்து சில நாட்களுக்குப் பின் உயிரைப் பறித்ததும் உண்டு. கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. குடலில் இருந்து வரும் பெரிய ரத்தக்குழாய் தான் அதிகம் கொண்டுவரும். மயக்க மருந்தால் ரத்த அழுத்தம் இறங்கினால், அந்த வரத்தும் குறையும். பிற்காலத்தில், நாய்களின் கல்லீரல் ரத்த ஓட்டத்தை அளந்தபோது, ஹாலோத்தேன் என்ற மருந்து அதை நன்றாகவே குறைப்பதும், ஐசோபுளுரேன் அந்த அளவு குறைக்காததும் தெரிந்தது. இன்று, நாய்க்கு ஆபரேஷன் என்றால், பல கால்நடை டாக்டர்கள் கொடுப்பது ஐசோபுளுரேன் தான்.