ஆசிரியரைத் தேடிச் சென்ற மாணவர்

அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காக அறவழியில் போராடிய மார்ட்டின் லூதர் கிங், 1929 சனவரி 15-ஆம் நாள் அட்லாண்டா நகரில் பிறந்தார். தந்தையார் கிறித்தவ சமய போதகர். பதினைந்தாம் வயதிலேயே மோர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்த கிங், பின்னர் பென்சில்வேனியாவில் உள்ள குரோசர் இறையியல் கல்லூரியில் பயின்று, 1951-இல் முதல் மாணவராகத் தேறினார். மேற்படிப்புக்கென 1,200 டாலர் உதவித்தொகையும் பெற்றார்.

முனைவர் பட்ட ஆய்வுக்கு அவரை ஏற்க இரு பல்கலைக்கழகங்கள் இசைந்தன. ஒன்று, ஸ்காட்லாந்தின் தொன்மைமிக்க எடின்பரோ; மற்றொன்று, பாஸ்டன். கிங் தேர்ந்தது பாஸ்டனை. மாந்தர் ஒவ்வொருவரின் ஆளுமையும் தன்னளவிலேயே மதிப்புடையது என்னும் தத்துவத்தை விளக்கிய பேராசிரியர் எட்கர் பிரைட்மன் அங்கே கற்பித்து வந்தார். குரோசரிலேயே அவருடைய நூல்களைக் கற்றிருந்த கிங், அவரிடமே நேரில் பயில விரும்பினார்.

ஆயினும் 1953-இல் பிரைட்மன் மறைந்தார். கிங் தளரவில்லை. அதே நெறியைச் சார்ந்த ஹரால்டு டிவுல்ஃபின் வழிகாட்டுதலில் ஆய்வை முடித்து, 1955 சூன் திங்களில் பட்டம் பெற்றார்.

அவ்வாண்டு டிசம்பரில் மாண்ட்கோமரி நகரப் பேருந்துகளில் நிலவிய நிறவேற்றுமையை எதிர்த்துப் புறக்கணிப்புப் போர் மூண்டது. பாஸ்டனில் கற்ற தத்துவம் அடித்தளமாகவும், காந்தியடிகளின் அகிம்சை வழிமுறையாகவும் அமைய, கிங் அதனை 381 நாள்கள் நடத்தி வெற்றி கண்டார். 1964-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். அவ்வாண்டிலேயே தம் கடிதங்களையும் கையெழுத்துப் படிகளையும் பாஸ்டன் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார். 1968 ஏப்ரல் 4-ஆம் நாள் மெம்பிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

எக்கல்லூரி பெரிது என்று வினவும் மாணவச் செல்வங்கள், அங்கே எவரிடம் எதைக் கற்கப்போகிறோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் நலம்.