கர்ப்பிணிக்கு ஓய்வு கேட்ட அம்பேத்கர்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பல காலனிகளின் முகப்பில், கையில் அரசியல் சாசனத்தோடு அண்ணல் அம்பேத்கர் சிலையாக நிற்கிறார். அவர் தீண்டாமையை எதிர்த்தவர், சாசனத்தை வடித்தவர் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கூலி வேலைக்குப் போகும் கர்ப்பிணிக்கு ஓய்வும், ஓய்வுக் காலத்துக்குப் பணமும் வேண்டும் என்று சட்டசபையில் வாதாடியவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14 அன்று மோவ் என்ற ராணுவ ஊரில் பிறந்தார். தந்தை ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். தாய் பீமாபாயைச் சிறு வயதிலேயே இழந்தார். நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துப் பெரிய பட்டங்கள் பெற்றாலும், பம்பாயில் அவர் குடும்பம் நெடுங்காலம் குடியிருந்தது பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த நெருக்கமான குடியிருப்பில்தான். அவருக்கும் ரமாபாய்க்கும் பிறந்த ஐந்து பிள்ளைகளில் நால்வர் சிறு வயதிலேயே இறந்தார்கள். கடைசி மகன் ராஜரத்னாவை 1926-ல் பறிகொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு பம்பாய் மாகாண சட்டசபையில் நியமன உறுப்பினராக அமர்ந்தார். 1928 ஜூலையில் பெண் தொழிலாளர் பேறுகால உதவி மசோதா அங்கே விவாதத்துக்கு வந்தது. ஆலை முதலாளிகளுக்குச் செலவு கூடும் என்று எதிர்ப்பு எழுந்தது. அம்பேத்கர் மசோதாவை ஆதரித்தார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய் ஓய்வெடுப்பது நாட்டுக்கே நன்மை, அதன் பாரத்தில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்றார். பெண்களை வேலைக்கு வைப்பதால் லாபம் பார்க்கும் முதலாளியும் தன் பங்கைத் தருவதே நியாயம் என்பது அவர் வாதம். 1929-ல் அந்த மசோதா சட்டமானது. இந்தியாவில் இதுவே முதல் பேறுகால உதவிச் சட்டம். சென்னை மாகாணமும் 1934-ல் இப்படி ஒரு சட்டம் இயற்றியது.

1936-ல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது. இன்றைய கணக்கில் அது மத்திய அமைச்சர் பதவி. 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், தொழிலாளர் படும் பாட்டை நேரில் பார்த்தார். 1944-ல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி ஏற்பட்டது. 1945-ல் சுரங்கப் பேறுகால உதவிச் சட்டம் திருத்தப்பட்டு, நிலத்தடியில் வேலை செய்யும் பெண்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு கிடைத்தது. 1946-ல் ஆலைகளின் வேலை நேரம் வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது.

அவரும் கேள்விக்கு அப்பாற்பட்டவராக இருக்கவில்லை. போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டால், பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதற்கு இருந்த தடையை அரசு 1943-ல் நீக்கியது. 1944 பிப்ரவரியில் மத்திய சட்டசபையில் உறுப்பினர்கள் இதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். துறைப் பொறுப்பாளர் என்ற முறையில் அம்பேத்கர் எழுந்து பதில் சொன்னார். இது தற்காலிக ஏற்பாடு, ஆணுக்குத் தரும் கூலியே பெண்ணுக்கும் தரப்படும் என்று விளக்கினார். போர் முடிந்தபின் 1946-ல் தடை மீண்டும் வந்தது. சட்டம் போட்டவரையும் சபை கேட்கும், அவரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதற்கு இது சாட்சி.

அவர் தலைமையில் வரைவான அரசியல் சாசனத்தின் 42-வது பிரிவு, மனிதத்தன்மையுள்ள வேலைச் சூழலுக்கும் பேறுகால உதவிக்கும் வழி செய்யும்படி அரசைப் பணிக்கிறது. ஆனால் இது வழிகாட்டும் நெறி. இதை மட்டும் காட்டி நீதிமன்றத்தில் உரிமையாகக் கேட்க முடியாது. ஆகவே சட்டமியற்றுவதும் அது நடக்கிறதா என்று பார்ப்பதும் மக்கள் பிரதிநிதிகளின் பொறுப்பாகிறது. 1956 டிசம்பர் 6 அன்று அண்ணல் மறைந்தார். 1961-ல் நாடு முழுமைக்குமான மகப்பேறு நலச் சட்டம் வந்தது. 2017-ல் விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது.

அந்த 26 வாரம் நம் பக்கத்து நடவு வயலுக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் மரக்காணம் உப்பளத்துக்கும் வந்து சேரவில்லை. இன்று ஒருவர் வயல், நாளை வேறொருவர் வயல் என்று போகும் பெண்ணுக்கு விடுப்பு தர முதலாளி யார்? அவருக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி. அதுவும் உரிய காலத்தில், தவணை தவறாமல் வந்தால்தான் ஓய்வெடுக்க முடியும்.

2005-ம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டத்தில், பணியிடத்துக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும் என்று எழுதினார்கள். கேட்பவர் இல்லாத இடத்தில் இப்படிப்பட்ட விதிகள் காகிதத்தோடு நின்றுவிடும்.

சட்டசபை சென்னையில் இருக்கிறது. கிராம சபை நம் ஊரிலேயே கூடுகிறது, தொழிலாளர் தினமான மே 1 அன்றும் கூடுகிறது. நம் ஊரில் எத்தனை கர்ப்பிணிகளுக்கு உதவித்தொகை வந்தது, எத்தனை பேருக்கு நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று அங்கே கேட்கலாம். கேட்டதைத் தீர்மானமாக எழுதச் சொல்லலாம். படித்த பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து இதைச் செய்ய வேண்டும்.