அவர் அழைக்கலாம், அவரை அழைக்க முடியாது

எங்கள் வீட்டில் ஒரு பழைய கைத்தொலைபேசி இருக்கிறது. அதன் திரை பாதி தெரியாது. 4 என்ற பொத்தானை இரண்டு தரம் அழுத்தினால்தான் ஒரு தரம் வேலை செய்யும். ஆனாலும் அம்மா மாதம் தவறாமல் அதற்கு ரீலோட் போடுவார். அதிலிருந்து நாங்கள் எவருக்கும் எடுப்பதில்லை. அதற்கு எவரும் எடுப்பதுமில்லை. அந்த எண் அண்ணாவுக்கு மனப்பாடம். அதற்காகத்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

2006ஆம் ஆண்டு, பாதை மூடப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன், கிளிநொச்சியில் ஒரு கொமினிக்கேசன் கடையிலிருந்து அண்ணா அந்த எண்ணுக்கு எடுத்துக் கதைத்தார். அதன் பிறகு அவருடைய குரலை நாங்கள் கேட்கவில்லை. 2009க்குப் பிறகு அவர் காணாமல் ஆக்கப்பட்டவர்களில் ஒருவர்.

ஒரு தொலைபேசி ஓர் ஆளை எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறது? இந்தக் கேள்வி எனக்குள் நெடுநாளாக இருந்தது. அதைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோதுதான் லார்ஸ் மக்னஸ் எரிக்சன் என்ற மனிதரின் வாழ்க்கை எனக்குக் கிடைத்தது. எரிக்சன் என்ற பெயரைப் பழைய கைத்தொலைபேசிகளில் நம்மில் பலர் பார்த்திருப்போம். அது ஒரு மனிதரின் பெயர் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அவர் 1846 மே 5ஆம் திகதி சுவீடனின் மேற்கே வெர்ம்லாந்துப் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 12 வயதில் தகப்பனை இழந்தார். அந்த வயதிலேயே உழைக்கப் போக வேண்டியதாயிற்று. சுரங்கங்களில் வேலை செய்தார். பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் குடும்பத்தைத் தோளில் சுமந்த பிள்ளைகளை நாங்கள் எங்கள் ஊர்களில் நிறையக் கண்டிருக்கிறோம். அவரும் அப்படியான ஒரு பிள்ளைதான்.

கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் 1867இல் தலைநகர் ஸ்ரொக்ஹோமுக்குப் போனார். அங்கே தந்திக் கருவிகள் செய்யும் ஒரு பட்டறையில் 6 ஆண்டுகள் வேலை பழகினார். அவருடைய கைத்திறனைக் கண்டு அரசாங்கம் புலமைப்பரிசில் கொடுத்தது. 1872 முதல் 1875 வரை வெளிநாடுகளில் தொழில் கற்றார். பேர்லினில் சீமென்ஸ் அன்ட் ஹல்ஸ்க நிறுவனத்திலும் வேலை செய்தார்.

திரும்பி வந்து 1876இல், கார்ல் யோஹான் அன்டர்சன் என்ற நண்பரோடு சேர்ந்து சொந்தமாக ஒரு பட்டறை திறந்தார். பட்டறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். வாடகைக்கு எடுத்த ஒரு பழைய குசினி. அங்கே தந்திக் கருவிகளைத் திருத்திக் கொடுத்தார்கள். அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். பெல்லின் தொலைபேசிகள் சுவீடனுக்கு வரத் தொடங்கியபோது அவை பழுதுபார்க்க எரிக்சனின் மேசைக்கும் வந்தன. அவர் திறந்து பார்த்தார், புரிந்துகொண்டார், இதைவிட நன்றாகச் செய்யலாம் என்று கண்டார். பெல் சுவீடனில் காப்புரிமை எடுத்திருக்கவில்லை. ஆகவே தடையேதும் இருக்கவில்லை. 1878இல் எரிக்சனின் சொந்தத் தொலைபேசிகள் வெளிவந்தன.

அதே ஆண்டில் அவர் ஹில்டா சிமொன்சனைத் திருமணம் செய்தார். தொலைபேசிக்குள் இருக்கும் மெல்லிய செப்புக் கம்பிச் சுருள்களைச் சுற்றும் வேலையை ஹில்டாவும் செய்தார். பெரிய நிறுவனங்களின் வரலாற்றில் இப்படியான பெண்களின் கைகள் ஒரு வரியோடு முடிந்துவிடும். ஆனால் ஹில்டா இந்தக் கதையில் இன்னொரு முறை வருவார்.

அந்தக் காலத் தொலைபேசி எளிமையானது. குரல் ஒரு மெல்லிய தகட்டை அதிர வைக்கும். அந்த அதிர்வுக்கேற்ப கம்பியில் ஓடும் மின்சாரம் கூடிக் குறையும். மறுமுனையில் அந்த மின்சாரம் இன்னொரு தகட்டை அதிர வைக்க, குரல் திரும்பக் கேட்கும். மணி அடிப்பதற்குப் பெட்டியின் பக்கத்தில் ஒரு கைபிடி இருந்தது. அதைச் சுற்றினால் உள்ளே இருக்கும் டைனமோ மின்சாரம் பிறப்பிக்கும். தொலைபேசி நிலையத்தில் இருக்கும் ஒப்பரேற்றருக்கு அடையாளம் போகும். அவர் கையால் இணைப்புக் கொடுப்பார். மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட எங்களுக்கு இது புதிதல்ல.

1881இல் யெவ்லே என்ற நகரம் தனக்குத் தொலைபேசி வலையமைப்பு வேண்டுமென்றபோது பெல் நிறுவனத்தோடு போட்டியிட்டு எரிக்சனின் கருவிகள் வென்றன. 1883இல் செடர்கிரென் என்பவர் ஸ்ரொக்ஹோமில் குறைந்த கட்டணத்தில் தொலைபேசி கொடுக்க ஒரு நிறுவனம் தொடங்கினார். அவருக்கு வேண்டிய கருவிகளை எரிக்சன் செய்துகொடுத்தார். 1887இல் அந்த நகரின் நடுவில் ஓர் இரும்புக் கோபுரம் எழுந்தது. ஏறத்தாழ 5,000 கம்பிகள் அந்தக் கோபுரத்திலிருந்து வீட்டுக் கூரைகளுக்கு மேலாக நாலாபக்கமும் ஓடின. பழைய படங்களில் அந்த நகரின் வானம் ஒரு மீன்வலை போலத் தெரிகிறது.

எவ்வளவு கம்பி ஓடினாலும் ஒரு குறை இருந்தது. கம்பி வீட்டைத்தான் அறியும், ஆளை அறியாது. ஆள் வீட்டைவிட்டு வெளிக்கிட்டால், மணி வெறும் வீட்டில் அடிக்கும். இடம்பெயர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எரிக்சன் 1901இல், 54 வயதில், நிறுவனத்திலிருந்து ஒதுங்கினார். ஸ்ரொக்ஹோமுக்குத் தெற்கே ஒரு பண்ணையில் விவசாயம் செய்தார். ஆனால் கருவிகளோடு பழகிய கை சும்மா இருக்கவில்லை. 1910இல் அவர் தன்னுடைய மோட்டார் காரில் ஒரு தொலைபேசியைப் பொருத்தினார். எரிக்சனைப் பற்றிச் சொல்பவர்கள் தவறாமல் சொல்லும் கதை இது. காரில் இரண்டு நீண்ட தடிகள் இருந்தன, தூண்டில் தடி போல. கார் தெருவோரம் நின்றதும் ஹில்டா இறங்கி, அந்தத் தடிகளைத் தொலைபேசிக் கம்பங்களில் ஓடும் இரண்டு கம்பிகளில் கொளுவுவார். யாரும் கதைக்காத ஒரு சோடிக் கம்பி கிடைக்கும்வரை மாற்றி மாற்றிக் கொளுவிப் பார்ப்பார். கிடைத்ததும் எரிக்சன் கைபிடியைச் சுற்றுவார். அருகிலுள்ள நிலையத்தின் ஒப்பரேற்றர் பதில் சொல்வார்.

இதைத்தான் உலகின் முதல் கார்த் தொலைபேசி என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் அதில் ஒன்று கவனிக்க வேண்டும். காரிலிருந்து எரிக்சன் யாரையும் அழைக்கலாம். காரில் இருக்கும் எரிக்சனை யாராலும் அழைக்க முடியாது. அவர் எந்தத் தெருவில், எந்தக் கம்பத்தடியில் நிற்கிறார் என்பது எந்த நிலையத்துக்கும் தெரியாது. தொலைபேசியைக் காவிக்கொண்டு போவது இலகு. காவிக்கொண்டு போனவரைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். அந்த இரண்டாவது வேலைக்கு இன்னும் 70 ஆண்டுகள் தேவைப்பட்டன. எரிக்சன் அதைக் காணவில்லை. 1926 டிசம்பர் 17ஆம் திகதி, தனது 80ஆவது வயதில் அவர் காலமானார்.

அவருக்குப் பிறகு கம்பியின் இடத்தை வானொலி அலை பிடித்தது. 1946இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் வாகனத் தொலைபேசிச் சேவை தொடங்கியது. ஒரு பெரிய கோபுரம் முழு நகரத்துக்கும் ஒலிபரப்பியது. ஒரே நேரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் கதைக்கலாம். வாகனத்தில் இருப்பவரை அழைக்க விரும்புபவர் அவர் எந்த நகரில் இருக்கிறார் என்று ஒப்பரேற்றருக்குச் சொல்ல வேண்டும். சுவீடனில் 1956இல் தானாக இணைப்புக் கொடுக்கும் சேவை வந்தது. ஆனால் காரில் பூட்டும் கருவி மட்டும் 40 கிலோ. அந்தச் சேவை நூற்றுச் சொச்சம் பேருக்கு மேல் வளரவில்லை.

அலைவரிசைகள் குறைவு என்பதே அடிப்படைச் சிக்கல். அதற்கான விடையை 1947இலேயே பெல் ஆய்வுகூடத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு பெரிய கோபுரத்துக்குப் பதிலாகப் பல சிறிய கோபுரங்கள். தேன்கூட்டின் அறைகள் போல நிலத்தைச் சிறு பிரிவுகளாகப் பிரிக்க வேண்டும். ஓர் அறையில் பாவிக்கும் அலைவரிசையைத் தள்ளியிருக்கும் இன்னோர் அறையில் திரும்பப் பாவிக்கலாம். யோசனை இலகு. ஆனால் ஓர் அறையிலிருந்து மற்ற அறைக்கு ஓடும் ஆளைப் பின்தொடரக் கணினி வேண்டும். அதற்காக உலகம் காத்திருந்தது.

1979இல் டோக்கியோவில் அப்படியான வலையமைப்பு தொடங்கியது. 1981இல் சுவீடன், நோர்வே, டென்மார்க், பின்லாந்து ஆகிய நாடுகளுக்கான பொது வலையமைப்பு வரத் தொடங்கியது. எரிக்சன் தொடங்கிய நிறுவனத்தின் இணைப்புக் கருவிகளும் அதில் இருந்தன. ஒரு நாட்டின் தொலைபேசி எல்லை தாண்டிப் போனாலும், அதே எண்ணில் அதைத் தேடிப் பிடிக்க முடிந்தது.

தேடுவது இப்படித்தான். கைத்தொலைபேசி சும்மா இருப்பதாக நாங்கள் நினைக்கும் நேரத்திலும் அது கோபுரங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. புதிய பகுதிக்குள் போனதும் தான் வந்திருப்பதைச் சொல்லும். வலையமைப்பு அதைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளும். யாராவது அழைத்தால், முதலில் பதிவேட்டைப் பார்க்கும். பிறகு அந்தப் பகுதியிலுள்ள கோபுரங்கள் எல்லாம் சேர்ந்து அந்தத் தொலைபேசியைக் கூப்பிடும். அது பதில் கொடுத்தால் மணி அடிக்கும். 1991இல் பின்லாந்தில் தொடங்கிய ஜிஎஸ்எம் முறையில் இந்த அடையாளம் ஒரு சிறிய சிம் அட்டைக்குள் வந்தது. இலங்கையில் கைத்தொலைபேசிச் சேவை 1989இல் கொழும்பில் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் எங்கள் கைக்கு அது வந்தது 2002 சமாதான காலத்துக்குப் பிறகுதான்.

தொலைபேசி பதில் கொடுக்காவிட்டால், தொடர்புகொள்ள முடியவில்லை என்ற பதிவுசெய்த குரல் வரும். பற்றரி தீர்ந்ததா, கோபுரம் இல்லாத இடத்தில் இருக்கிறதா, தண்ணீருக்குள் விழுந்ததா என்று அந்தக் குரலுக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரே வசனம்தான். பிள்ளைகளின் எண்களுக்கு இன்றும் எடுத்துப் பார்க்கும் தாய்மார் அந்த வசனத்தைப் பல தரம் கேட்டிருப்பார்கள். அது இல்லை என்றும் சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. ஒரு வலையமைப்புக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியாது. சொல்லத் தெரிந்தவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

எங்கள் அண்ணாவிடம் கைத்தொலைபேசி இருக்கவில்லை. எந்தப் பதிவேட்டிலும் அவர் நின்ற இடம் குறிக்கப்பட்டிருக்காது. 1910இல் தெருவோரம் நின்ற எரிக்சனின் நிலைதான் அவருக்கும். அவர் அழைக்கலாம், அவரை அழைக்க முடியாது.

பாவிக்காத எண்ணை வைத்திருந்து என்ன பயன் என்று முன்பு ஒரு நாள் அம்மாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் எழும்பிப் போனார். ரீலோட் போடாமல் விட்டால் அந்த எண் வேறு யாருக்கோ போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். இப்போது நான் கேட்பதில்லை. மாத முடிவில் நானே கடைக்குப் போய் ரீலோட் போட்டுவிட்டு வருகிறேன்.