பொருட்காட்சிசாலை கண்ட டாக்டர் அய்யப்பன்

திருச்சூரை அடுத்த பாவறட்டிப் பகுதியில் 1905ஆம் ஆண்டு, ஈழவக் குடும்பமொன்றில் தோன்றியவர் டாக்டர் ஏ. அய்யப்பன் அவர்கள். கோயிலைச் சூழ்ந்த வீதியிலும் அவர்தம் குலத்தார் நடத்தலாகாது என்றிருந்த காலம் அது. அந்நிலையிலும் கல்வியொன்றையே துணையாகக் கொண்டு லண்டன் சென்று, மானிடவியலில் டாக்டர் பட்டம் பெற்றார். கண்ணில் படுவதே தீட்டென்று ஒதுக்கப்பட்டவர்கள் மலையாளத்து நாயாடி மக்கள். அவர்களிடையே சென்று ஆராய்ந்து, 1937இல் நூலொன்று வெளியிட்டார்.

1940இல் சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலையின் தலைமைப் பதவி அவரை வந்தடைந்தது. ஆங்கிலேயர் வகித்துவந்த அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. அன்று நம் பாலக்காடும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததாகலின், அச்சாலை நமக்கும் உரியதே. பாமர மக்கள் "செத்த காலேஜ்" என்று வழங்கிய அவ்விடத்தில் அமராவதிச் சிற்பங்களும் திருவாலங்காட்டு நடராஜரும் உள்ளன. அதன் நூற்றாண்டு விழா நடந்த 1951இல் தேசிய ஓவியக்கூடமும் அங்கே திறக்கப்பெற்றது. ரவிவர்மாவின் ஓவியங்களைக் கூலியாளும் கண்டு மகிழ வழி பிறந்தது.

பின்னாளில் கேரள சர்வகலாசாலையின் துணைவேந்தராகவும் விளங்கிய அப்பெரியார் 1988இல் மறைந்தார். வீதியில் விலக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர், சாதி கேளாது எவரையும் வரவேற்கும் வாசலுக்குத் தலைவரானார். சென்னை செல்லும் நம் காலனி அன்பர்கள் தம் குழந்தைகளை அவ்வாசலுக்கு ஒருமுறை அழைத்துச் செல்வார்களாக!