இரும்புப் பெட்டிக்கும் தேக்கு முகம்: யார் இந்த நைஜல் கிரெஸ்லி?

நீராவி ரயில் என்றதும் உலகம் முழுக்க ரசிகர்கள் உடனே சொல்லும் பெயர்கள் இரண்டு. ஒன்று, ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன். இன்னொன்று, மல்லார்ட். 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல், அதாவது சுமார் 203 கி.மீ. வேகத்தைத் தொட்ட இன்ஜின் அது. இரண்டையும் வடிவமைத்தவர் ஒரே ஆள்தான்: சர் நைஜல் கிரெஸ்லி.

ஆனால் மாடல் ரயில் செய்பவர்களுக்கு அவர் வைத்துவிட்டுப் போன பெரிய சவால் இன்ஜின் இல்லை. அதன் பின்னால் வரும் பெட்டிகள். பெயின்ட் இல்லாமல், வார்னிஷ் மட்டும் பூசிய தேக்குப் பெட்டிகள். அந்தத் தோற்றத்தை 25 செ.மீ. நீள பிளாஸ்டிக்கில் கொண்டுவருவது இந்தப் பொழுதுபோக்கிலேயே ரொம்பக் கஷ்டமான வேலைகளில் ஒன்று. ஏன்? அதற்கு கிரெஸ்லியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாதிரியார் மகன்

1876 ஜூன் 19 அன்று எடின்பரோவில் பிறந்தார் கிரெஸ்லி. வளர்ந்தது இங்கிலாந்தின் நெதர்சீல் கிராமத்தில். அப்பா அங்கே பாதிரியார். பையனுக்கோ ரயில் மேல்தான் கண். பள்ளி முடிந்ததும் க்ரூ ரயில்வே பணிமனையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பிறகு ஹார்விச்சில் வேலை கற்றார்.

1905-ல் பெரிய வாய்ப்பு வந்தது. கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் பெட்டிகள், வேகன்கள் பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பு. பணியிடம், டான்காஸ்டர். அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. இன்ஜின்களால் புகழ்பெற்ற மனிதர், தலைமைப் பதவியைத் தொடங்கியது பெட்டிகளில்தான்.

ஏன் தேக்கு?

தேக்குப் பெட்டி கிரெஸ்லியின் கண்டுபிடிப்பு இல்லை. அவர் வருவதற்கு முன்பே அந்த ரயில்வேயில் இருந்த வழக்கம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. சீக்கிரம் உளுத்துப்போகாது, ஈரத்தைத் தாங்கும். அதனால் மேலே பெயின்ட் பூசி மூட வேண்டிய அவசியம் இல்லை. பல கோட் வார்னிஷ் கொடுத்தால் போதும், மரமே அழகாகத் தெரியும். பர்மா போன்ற இடங்களிலிருந்து மரம் கப்பலில் போனது. ஆங்கிலத்தில் 'டீக்' என்கிறார்களே, அந்தச் சொல்லும் நம் பக்கத்துச் சரக்குதான். தமிழ், மலையாளத்தின் 'தேக்கு', போர்த்துகீசியம் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது.

கிரெஸ்லி அந்த மர உடலை எஃகு அடிச்சட்டத்தின் மேல் வைத்தார். கூரைக்கு வளைந்த, சீரான வடிவம் கொடுத்தார். பெட்டிகளை இறுக்கமாகப் பிணைக்கும் இணைப்புகளைப் பயன்படுத்தினார். அடுத்தடுத்த இரண்டு பெட்டிகள் நடுவில் ஒரே சக்கரத் தொகுதியைப் பகிர்ந்துகொள்ளும் முறையையும் புகுத்தினார். எடை குறைந்தது, ஆட்டமும் குறைந்தது. 1921-ல் லண்டன் – லீட்ஸ் பாதைக்காக உருவான ஐந்து பெட்டி உணவக ரயிலுக்கு, பத்துக்குப் பதிலாக ஆறு சக்கரத் தொகுதிகளே போதுமானதாக இருந்தன. அதில் சமையலுக்கு மின்சார அடுப்பு வேறு!

வேகம் கேட்ட விலை

1911-ல் இன்ஜின் பிரிவும் அவர் கைக்கு வந்தது. 1923-ல் பல ரயில்வேக்கள் இணைந்து எல்.என்.இ.ஆர். உருவானபோது அதன் தலைமை மெக்கானிக்கல் இன்ஜினீயர் ஆனார். 1928-ல் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு நடுவில் எங்கும் நிற்காமல் ரயில் ஓடியது. சுமார் 630 கி.மீ. வழியிலேயே டிரைவர்கள் மாற வேண்டுமே? நிலக்கரி, தண்ணீர் வண்டிக்குள்ளேயே ஒரு குறுகலான நடைபாதை அமைத்து அதற்கும் வழி செய்தார்.

ஆனால் 1930-களில் காலம் மாறியது. பயணிகள் நவீனத் தோற்றத்தை எதிர்பார்த்தார்கள். 1935-ல் வந்த சில்வர் ஜூபிலி ரயிலின் மரச் சட்டங்களை வெள்ளிச் சாம்பல் நிற உறை மூடியது. 1937-ல் வந்த கரனேஷன் ரயிலுக்கு நீல நிறம். கம்பெனியின் கௌரவ ரயில்களிலேயே தேக்கு கண்ணுக்குத் தெரியாமல் போனது. சாதாரண எக்ஸ்பிரஸ் பெட்டிகளில் மட்டும் பழைய வார்னிஷ் பளபளப்பு தொடர்ந்தது.

1936-ல் சர் பட்டம் பெற்ற கிரெஸ்லி, 1941 ஏப்ரல் 5 அன்று, பதவியில் இருக்கும்போதே காலமானார்.

மரம் போச்சு, தோற்றம் நின்றது

கதையின் சுவாரசியமான திருப்பம் இதன் பிறகுதான். அடுத்து வந்த எட்வர்ட் தாம்சன், வெளிப்புறம் முழுக்க எஃகுத் தகடு போர்த்திய பெட்டிகளைக் கட்டினார். தேக்குக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் நிறம்? அதே தேக்கு! பெயின்டர்கள் முதலில் வெளிர் பழுப்பு அடித்தார்கள். அதன் மேல், அடிநிறம் லேசாகத் தெரியும்படி அடர் பழுப்பு. அது ஈரமாக இருக்கும்போதே பிரஷ்ஷால் இழுத்து மர ரேகை வரைந்து, கடைசியில் வார்னிஷ் பூசினார்கள். கிரெஸ்லி காலத்திலேயே சில இரும்புப் பெட்டிகளுக்கு இந்த வித்தை நடந்திருக்கிறது. மரம் இல்லாத இடத்திலும் மரமாகத் தெரிய வேண்டும் என்ற அளவுக்கு, அந்தத் தோற்றம் கம்பெனியின் அடையாளமாகிவிட்டது. 1948-ல் ரயில்வே தேசியமயமான பிறகு, புதிய சிவப்பு, கிரீம் நிறங்கள் அதை மெல்ல ஓரங்கட்டின.

மாடல் செய்பவர்களுக்கு என்ன சிக்கல்?

அன்றைய பெயின்டர்கள் செய்ததைத்தான் இன்று மாடல் கலைஞர்களும் செய்கிறார்கள், 76-ல் ஒரு பங்கு அளவில். முதலில் காவி கலந்த மஞ்சள் அடிப்பூச்சு. பிறகு ஒவ்வொரு பலகைக்கும் சற்று வேறுபட்ட பழுப்பு. கிட்டத்தட்ட காய்ந்த பிரஷ்ஷால் அடர் நிற ரேகைகள். அதன் மேல் மெல்லிய ஆரஞ்சு பழுப்புப் பூச்சு. தேவைப்படும் பெட்டிகளுக்கு, சட்டங்களின் மேல் முடி மாதிரி மெல்லிய வெளிர் மஞ்சள் கோடுகள். இதற்கு பிரஷ் சரிவராது, மை நிரப்பி இழுக்கும் கோட்டுப் பேனா வேண்டும். கடைசியில் பொன்னிற எண்களை ஒட்டி, அளவான பளபளப்புடன் வார்னிஷ்.

புதிதாகச் செய்பவர்கள் தவறுவது ரேகையில்தான். நிஜத் தேக்கின் ரேகையை 76 மடங்கு சுருக்கினால் கண்ணுக்கே தெரியாது. ஆசையாக அழுத்தி வரைந்தால் பெட்டி வரிக்குதிரை ஆகிவிடும். தூரத்திலிருந்து பார்க்கும்போது கண்ணில் படுவது ரேகை இல்லை, பலகைக்குப் பலகை மாறும் நிறம். ஒவ்வொரு பலகையும் வேறு மரத்திலிருந்து வந்திருக்கலாம் இல்லையா?

வயதும் முக்கியம். புதுப் பெட்டி தங்கத் தேன் நிறத்தில் மின்னும். வருஷங்கள் போகப்போக வார்னிஷ் கறுக்கும், வெளுத்தும் போகும். ரொம்பப் பழுதானவற்றுக்குச் சாதாரண பழுப்பு பெயின்ட் அடித்து ஓட்டினார்கள். அதனால் ஒரே ரயிலில் நாலு பெட்டி நாலு நிறத்தில் இருப்பது சகஜம். மாடலில் எல்லாம் ஒரே நிறமாக இருந்தால்தான் சந்தேகம் வரும்.

இன்றும் பார்க்கலாம்

இங்கிலாந்தின் செவர்ன் வேலி ரயில்வேயில் கிரெஸ்லி காலத்துத் தேக்குப் பெட்டிகளின் வரிசை ஒன்றைத் தன்னார்வலர்கள் பாதுகாத்து ஓட்டுகிறார்கள். பழைய வார்னிஷைச் சுரண்டி, உளுத்த பலகையை மாற்றி, திரும்பத் திரும்பப் பூசினால்தான் அந்தப் பளபளப்பு நிற்கும். மல்லார்டின் சாதனை ஒரே நாளில் முடிந்துவிட்டது. தேக்குக்கு ஒவ்வொரு சில வருஷமும் யாராவது பிரஷ்ஷோடு வர வேண்டியிருக்கிறது. வந்துகொண்டும் இருக்கிறார்கள்.