முதுநதிக்கு இசை தந்தவர்

நுழையும்முன்

மக்கள் நாவில் பழகிய பாடல்கள் சில, தம்மை ஆக்கியவர் பெயரை மறைத்துவிட்டு நாட்டுப்புறப் பாடல்களைப்போல வாழத் தொடங்கிவிடுகின்றன. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றைப் பாடும் ‘ஓல்ட் மேன் ரிவர்’ அத்தகையது. ஆற்றங்கரையில் பாரம் சுமந்த கறுப்பின உழைப்பாளர்கள் வழிவழியாகப் பாடிவந்த பழம்பாடல் என்றே பலரும் அதனைக் கருதியதுண்டு. ஆயின், அது 1927ஆம் ஆண்டு அரங்கேறிய இசை நாடகம் ஒன்றிற்காகப் புதிதாக எழுதப்பட்டது. அதற்கு இசையமைத்த ஜெரோம் கெர்ன் என்பவரின் வாழ்க்கையை அறிவோம்.

இளமையும் பயிற்சியும்

ஜெரோம் டேவிட் கெர்ன் 1885ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27ஆம் நாள் நியூயார்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவர்தம் அன்னையே அவருக்குப் பியானோ கற்பித்த முதல் ஆசிரியர். தந்தை வணிகர்; மகனும் தம் தொழிலையே மேற்கொள்ள வேண்டுமென விரும்பினார். இரண்டு பியானோக்களை வாங்கிவர அனுப்பப்பட்ட கெர்ன், விற்பவரின் பேச்சில் மயங்கி இருநூறு பியானோக்களுக்கு ஒப்புதல் அளித்துவிட்டார் என்றொரு கதை வழங்குகிறது. வணிகம் அவருக்கு ஒத்துவரவில்லை என்பதை அக்கதை நகைச்சுவையோடு உணர்த்துகிறது.

நியூயார்க்கிலும் ஜெர்மனியிலும் இசை பயின்ற கெர்ன், பாடல்களை அச்சிட்டு விற்கும் பதிப்பகங்களிலும் நாடக ஒத்திகைகளில் பியானோ வாசிப்பவராகவும் பணிபுரிந்தார். அக்காலத்தில் இங்கிலாந்து நாடகங்கள் அமெரிக்க மேடைகளுக்கு வரும்போது, உள்ளூர் மக்களின் சுவைக்கேற்பப் புதிய பாடல்கள் இடையிடையே சேர்க்கப்படும். அவ்வாறு பிறர் நாடகங்களுக்குப் பாடல் அமைத்தே கெர்ன் தம் கலையைக் கற்றார். 1914ஆம் ஆண்டில் ‘தி கேர்ள் ஃபிரம் யூட்டா’ என்னும் நாடகத்தில் அவர் சேர்த்த பாடலொன்று அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. கதைக்குத் தொடர்பின்றி இடையில் செருகப்படும் பாடலைவிட, கதையிலிருந்தே முளைத்தெழும் பாடலே சிறந்தது என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது.

நாவலிலிருந்து நாடகம்

1926ஆம் ஆண்டு எட்னா ஃபெர்பர் எழுதிய ‘ஷோ போட்’ நாவல் வெளிவந்தது. மிசிசிப்பி ஆற்றில் ஊர் ஊராகச் சென்று நாடகம் நிகழ்த்தும் படகொன்றின் கதை அது. அதனைப் படித்த கெர்ன், மேடைக்கு ஏற்றது இதுவே எனத் துணிந்து ஆசிரியரிடம் இசைவு பெற்றார். உரையாடலையும் பாடல்களையும் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எழுதினார்.

இக்கதையில் வெறும் கேளிக்கைக்கு இடமில்லை. கறுப்பினக் குருதி கலந்தவள் என்பதால், வெள்ளையரை மணந்த நடிகை ஒருத்தி சட்டத்திற்கு அஞ்சிப் படகைவிட்டு வெளியேறுகிறாள். வண்ண உடையும் நடனமும் மட்டுமே இசை நாடகம் என்றிருந்த காலத்தில், இத்தகைய கருவை மேடையேற்றுவதற்குத் துணிவு வேண்டியிருந்தது. மேலும், கதை பல்லாண்டுகளைக் கடந்து, பல ஊர்களில் நிகழ்வது. சிதறிக் கிடக்கும் நிகழ்ச்சிகளைக் கோக்கும் நூலாக ஆற்றையே கொள்ளலாம் என ஹாமர்ஸ்டைன் கருதினார். படகுத்துறையில் மூட்டை சுமக்கும் ஜோ என்னும் கறுப்பினத் தொழிலாளி, மனிதரின் துயரைக் கண்டும் காணாததுபோல் ஓடும் ஆற்றை நோக்கிப் பாடுவதாகப் பாடல் அமைந்தது.

மெட்டின் அமைப்பு

இப்பாடலின் முதன்மைப் பகுதி பெரிதும் ஐந்து சுரங்களையே கொண்டு இயங்குகிறது. நம் மோகனத்திற்கு உரியவையும் அவ்வகை ஐந்து சுரங்களே. உலகின் பல நாட்டுப்புற இசை மரபுகளில் ஐந்து சுர அமைப்பு காணப்படுவதால், புதிய பாடலும் பழம்பாடலாக ஒலிக்கிறது. தாழ்ந்த சுரங்களில் மெல்லத் தொடங்கும் மெட்டு, படிப்படியாக உயர்ந்து, முடிவில் உச்சத்தைத் தொடுகிறது. அடங்கிக் கிடந்த குமுறல் மேலெழுவதை அவ்வேற்றம் உணர்த்துகிறது. நாடகத் தொடக்கத்தில் படகின் பெயரைச் சொல்லி விரைந்து ஒலிக்கும் இசைத்தொடரின் சுரங்களே, திருப்பி அமைக்கப்பட்டு, ஆற்றின் பாடலில் மெதுவாக ஒலிக்கின்றன. படகின் களிப்பும் சுமப்பவரின் களைப்பும் ஒரே சுரங்களிலிருந்து பிறந்தவை என்பதைக் கெர்ன் இவ்வாறு சொல்லாமற் சொன்னார்.

பாடியவரால் மாறிய பாடல்

1927ஆம் ஆண்டு திசம்பர் 27ஆம் நாள் நியூயார்க்கில் நாடகம் அரங்கேறியது. ஜோவாக ஜூல்ஸ் பிளெட்சோ பாடினார். மறு ஆண்டு இலண்டன் மேடையில் அப்பாத்திரத்தை ஏற்ற பால் ரோப்சனின் ஆழ்ந்த குரல், பாடலை உலகெங்கும் கொண்டு சென்றது. எனினும், தம் மக்களை இழிவுபடுத்தும் சொற்களும், துயரை ஏற்றுக்கொண்டு சோர்ந்துபோகும் மனநிலையும் பாடலில் இருப்பதை ரோப்சன் ஏற்கவில்லை. தம் இசை நிகழ்ச்சிகளில் அச்சொற்களை மாற்றினார். சோர்வின் பாடலைப் போராட்டத்தின் பாடலாக்கினார். கெர்னின் மெட்டு மாறவில்லை. சோர்வைச் சொல்லிய அதே சுரங்கள் எதிர்ப்பையும் சுமந்தன.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றபோது ரோப்சனோடு பழகிய அசாமியக் கலைஞர் பூபேன் ஹசாரிகா, இப்பாடலால் தூண்டப்பெற்றுப் ‘பிஸ்தீர்ண பாரரே’ என்னும் பாடலை ஆக்கினார். துயருறும் மக்களைக் கண்டும் ஏன் மௌனமாய் ஓடுகிறாய் என அது ஆற்றை வினவுகிறது. பின்னர் அது வங்காளத்திலும் இந்தியிலும் கங்கையை நோக்கிய பாடலாயிற்று.

நிறைவு

கெர்ன் தம் வாழ்நாளில் ஏறத்தாழ எழுநூறு பாடல்களுக்கு இசையமைத்தார். திரைப்படப் பாடல்களுக்காக இருமுறை ஆஸ்கர் விருது பெற்றார். ‘ஷோ போட்’ நாடகத்தை மீண்டும் மேடையேற்றும் பணிக்காக 1945ஆம் ஆண்டு நியூயார்க் வந்தவர், நவம்பர் 5ஆம் நாள் தெருவில் மயங்கி விழுந்தார். இன்னாரென உடனே அறியப்படாமல், ஏழை நோயாளர் நடுவே பொது மருத்துவமனையில் கிடத்தப்பட்டார். நவம்பர் 11ஆம் நாள், தம் அறுபதாம் வயதில் மறைந்தார். இரண்டு திங்களுக்குள் நாடகம் மீண்டும் அரங்கேறியது. ஆக்கியவர் இல்லாத அரங்கில் ஆற்றின் பாடல் மீண்டும் ஒலித்தது. அதனைப் பழங்காலப் பாடல் என எண்ணிக் கேட்போர் இன்றும் உளர். அவ்வெண்ணமே கெர்னின் இசைக்குக் கிடைத்த பெரும் சிறப்பு.